ஈரம் கழித்த எடை

ஜூன் 3, செவ்வாய்

டயர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக இதன்மேல் டீ டம்ளர் வைத்து வந்தேன். இன்றுமுதல் இது சரித்திரம். வருங்காலத்தார் எழுந்து நின்று படிக்கவும்.

நான் சென்னியப்பன், வயது நாற்பத்தாறு. நாமக்கல்–துறையூர் ரோட்டில் எடைமேடை நடத்துகிறேன். மக்காச்சோள லாரி, முட்டை லாரி, மணல் லாரி என்று எப்பேர்ப்பட்ட கொம்பனும் என் மேடைமேல் ஏறி நின்று, தன் எடையை ஒப்புக்கொண்ட பிறகுதான் ஊருக்குள் போக முடியும். எமதர்மனுக்கு அடுத்தபடியாகக் கணக்குக் கேட்கிற பதவி என்னுடையது.

இன்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் எனக்கே கணக்குக் கேட்டுவிட்டார்கள்.

விஷயம் என் அக்கா தெய்வானையின் கல்லீரல். சுருங்கிப் போய்விட்டது. கோயில் தீர்த்தத்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறவளுக்கு இந்த வியாதி. மாற்று ஈரல் வைக்க வேண்டும். மச்சானுக்குச் சர்க்கரை. அக்கா மகள் மௌனிகாவுக்கு ரத்தம் சேரவில்லை. மிச்சம் இருக்கிற ஒரே மகாபுருஷன் அடியேன். என் ஈரலில் பாதிக்கு மேல் வெட்டி அக்காவுக்கு வைப்பார்களாம். பிறகு இரண்டு பக்கமும் தானே வளர்ந்து முழுசாகிவிடுமாம். டாக்டர் இதைக் காலண்டரில் தேதி கிழிக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்பத்தாறு வருஷமாக வயிற்றுக்குள் இப்படியொரு மாயாவியை வைத்துக்கொண்டு, அவனுக்கு போண்டா மட்டுமே போட்டு வளர்த்திருக்கிறேன்.

அந்த போண்டாதான் இடறுகிறது. ஸ்கேனில் என் ஈரல் முழுக்கக் கொழுப்பு. ஆறு வாரத்தில் ஏழெட்டுக் கிலோ இறக்கினால் கொழுப்பு கரையலாம். மறுபடி ஸ்கேன். அப்போதும் கொழுப்பு இருந்தால் என்னை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்குமேலும் டாக்டர் ஒரு வாக்கியம் சொன்னார். ஏசி சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. என் மனைவி கலாமணிக்குக் கேட்டிருக்க வேண்டும். நாமக்கல் வரும்வரை பஸ்ஸில் அவள் ஸ்கேன் கவரை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே வந்தாள்.

ஆஸ்பத்திரி மெஷினில் தொண்ணூற்றாறு கிலோ. வந்ததும் என் மேடையில் ஏறி நின்று பார்த்தேன். அது பத்துப் பத்துக் கிலோவாகத்தான் சொல்லும். மனிதர்களெல்லாம் அதற்குச் சில்லறை. அலுவலக ஜன்னலில் தெரியும் சிவப்பு எண் விளக்கில் நூறு என்று எரிந்தது. மேடைக்கு என்மேல் மரியாதை அதிகம்.

ஜூன் 5, வியாழன்

தேகப்பயிற்சி தொடங்கியது. குரு, மௌனிகா. படிப்பது பி.காம். பயிற்சி விஷயத்தில் அவளுக்குக் கைப்பேசியே பல்கலைக்கழகம். சேந்தமங்கலத்திலிருந்து விடியும் முன்னே ஸ்கூட்டரில் வந்து, என்னை மேடையைச் சுற்றி வேகநடை நடக்க வைத்தாள். பிறகு உட்கார்ந்து எழுகிற பஸ்கி. பிறகு, மேடையின் நேர்மையைச் சோதிக்க நான் வைத்திருக்கும் இருபது கிலோ எடைக்கற்கள் இரண்டைக் காட்டி, "தூக்குங்க மாமா" என்றாள்.

"கண்ணு, அது சர்க்கார் முத்திரை போட்ட கல்லு. தூக்கினா கேசாயிரும்."

"கேசை நான் பாத்துக்கறேன். தூக்குங்க."

தூக்கினேன். அந்தக் கணத்தில் நாமக்கல் மலைக்கோட்டை ஓரங்குலம் இறங்கியிருக்கும். பத்தாவது பஸ்கியில் என் முட்டி எழுப்பிய ஓசை கேட்டு, பக்கத்துப் பண்ணையில் நாலாயிரம் கோழிகள் ஒரே நேரத்தில் முட்டையிட்டன.

கலாமணி காலை உணவாகப் பாசிப்பயறு கொடுத்தாள். எண்ணிப் பார்க்கும் அளவில்.

ஜூன் 6, வெள்ளி

கழிப்பறையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. இதற்குமேல் எழுதினால் சரித்திரத்துக்கு அழகில்லை.

ஜூன் 9, திங்கள்

ராத்திரி பெய்த மழையில் ஒரு மக்காச்சோள லாரி நனைந்து வந்தது. ஏற்றிய இடத்தைவிட இங்கே முந்நூறு கிலோ அதிகம் காட்டியது. வியாபாரி முகத்தில் தீபாவளி. தீவன மில்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் என் சபைக்கு வந்தார்கள்.

"எடை ஏறினா சரக்கு ஏறிருச்சுன்னு அர்த்தமுங்களா? தார்ப்பாயில ஈரம், சோளத்துல ஈரம். ஈரத்தைக் கழிச்சுட்டுப் பேசுங்க" என்று தீர்ப்புச் சொன்னேன். ஈரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டு போனார்கள். என் அறிவைக் கண்டு நானே சற்று நேரம் அசந்து நின்றேன்.

தொடையிரண்டும் கல்யாண வீட்டு வாழைமரம்போல் வீங்கிக் கனக்கின்றன. கொழுப்பு உள்ளே உருகிக் கொதிக்கிறது போலும்.

ஜூன் 12, வியாழன்

தொண்ணூற்றெட்டு.

மருந்துக்கடை மெஷின், அரிசிக்கடைத் தராசு, மௌனிகா வாங்கி வந்த கண்ணாடி மெஷின் மூன்றிலும் ஏறிவிட்டேன். மூன்றும் ஒரே பொய்யைச் சொல்கின்றன. நாட்டிலேயே பாசிப்பயறு தின்று, எடைக்கல் தூக்கி, இரண்டு கிலோ ஏறிய ஒரே ஆண்மகன் நான். எனக்குச் சிலை வைக்க வேண்டும். பீடம் பலமாக இருக்கட்டும்.

மாலை அக்கா போன் செய்தாள். மௌனிகா சொல்லிவிட்டாளாம்.

"ஏறிருச்சாமா?"

"ரெண்டே ரெண்டுக்கா. மெஷின் கோளாறு."

"ஊருக்கே எடை சொல்றவன், உனக்கு மட்டும் மெஷின் கோளாறாக்கும்." சிரித்தாள். சிரித்த மூச்சு வாங்க நேரமாயிற்று. "விட்டுரு சாமி. சாமியே வேண்டாங்குது பாரு. கலாமணி மூஞ்சியில நான் முழிக்கோணுமல்ல. அதுவுமில்லாம உன்ற ஈரலை வெச்சா எனக்கு விடிஞ்சா பொழுதான்னா போண்டா தின்னோணும்னு தோணும். இந்த வயசுல அந்தக் கேவலம் எனக்கெதுக்கு?"

"அக்கா, அது ராஜ ஈரல். கெஞ்சிக் கேட்டாலும் கெடைக்காது."

"அதான் கேக்கலியே" என்றாள்.

போனை வைத்த பிறகு அலுவலகத்து டியூப்லைட்டைக் கழற்றித் துடைத்தேன். இரண்டு வருஷமாகத் துடைக்கவில்லை. பயமெல்லாம் ஒன்றுமில்லை. தூசி அதிகம்.

ஜூன் 14, சனி

நேற்றும் இன்றும் அன்னம் தண்ணீர் தொடவில்லை. கலாமணியிடம் கடையில் சாப்பிட்டேன் என்றேன். மத்தியானம் மேடையில் நின்ற லாரிக்கு எடை பார்க்கும்போது, லாரி இரண்டாயிற்று, பிறகு மூன்றாயிற்று. மூன்றுக்கும் சேர்த்து எடை சொல்ல முயன்றபோது தரை என்னை நோக்கி அன்போடு எழுந்து வந்தது.

கண் விழித்தால் டிரைவர் என் மூஞ்சியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார். கலாமணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். திட்டவில்லை. அதுதான் பீதியாக இருந்தது.

"உங்களைக் கட்டிக்கிட்டப்ப அறுபத்தி ரெண்டு கிலோ இருந்தீங்க" என்றாள். "மிச்சமெல்லாம் நான் சேத்தது. அதைக் குறைக்கறதுன்னா என்னைக் கேட்டுத்தான் குறைக்கோணும்."

வாயில் மோர் டம்ளரை வைத்தாள். குடித்தேன். திங்கள்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவளே போன் போட்டு, உணவு ஆலோசனை சொல்லும் அம்மையாரைப் பார்க்க நாள் வாங்குவாளாம். உத்தரவு.

ஜூன் 15, ஞாயிறு

சேந்தமங்கலம் போனோம். அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். முகம் சற்று மஞ்சள். மற்றபடி மகாராணி.

"எனக்கும் எடை ஏறிருச்சு தெரியுமா? ஒரே வாரத்துல மூணு கிலோ. தேறிட்டேன்டா" என்று புடவைக்கு மேலே வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "நீ ஒண்ணும் குடுக்க வேண்டாம். நீயும் ஏறு, நானும் ஏறறேன். யாரு ஜெயிக்கறாங்கன்னு பாக்கலாம்."

எனக்கு வந்த சந்தோஷத்தில் கொல்லிமலையே ஒரு குதி குதித்திருக்கும். இரண்டு முறை கை தட்டினேன். மச்சான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் அல்ல, பழசு. மௌனிகா காபி போடுவதாக அடுப்படிக்குள் போனவள், காபி இல்லாமலே திரும்பி வந்தாள்.

கிளம்பும்போது அக்காவின் பாதத்தைச் சும்மா சீண்டினேன், சின்ன வயசில் செய்வதுபோல. விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. அப்புறமும் நின்றது. கலாமணி புடவையை இழுத்து அந்தக் காலை மூடிவிட்டாள்.

ஜூன் 18, புதன்

கோயம்புத்தூர். உணவு ஆலோசகரின் பெயர் சங்கமித்திரை. சின்னப் பெண்தான். என் இரண்டு நாள் விரதத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுத்தான் போகும் சார். யாரு சொன்னா உங்களுக்கு?"

"மெஷின் சொல்லுச்சுங்க. ரெண்டு கிலோ ஏறிட்டேன்."

அவர் சிரித்தார். "புதுசா பயிற்சி ஆரம்பிச்சா முதல் சில வாரம் ஏறத்தான் செய்யும். பழக்கமில்லாத தசையை வேலை வாங்கினா நார் லேசா கிழியும். அதை ஆத்தறதுக்கு உடம்பு அங்க தண்ணியை அனுப்பும். அப்புறம், இனிமே இவன் தினமும் வேலை வாங்குவான்னு தெரிஞ்சதும், தசை தனக்கு வேண்டிய சர்க்கரையைச் சேத்து வைக்கும். அந்தச் சர்க்கரை, தன்னைப்போல மூணு பங்கு தண்ணியையும் கூடப் பிடிச்சு வெச்சுக்கும். நீங்க ஏறலை சார். உங்ககிட்ட ஈரம் ஏறியிருக்கு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஈரம். ஒன்பதாம் தேதி நான் வழங்கிய தீர்ப்பு வரிக்கு வரி இதுதான். ஊரெல்லாம் ஈரம் கழித்துத் தருகிற எடைமேடைச் சக்கரவர்த்திக்குத் தன் மூட்டையில் ஈரம் கழிக்கத் தோன்றவில்லை. கலாமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

என்ன அதிசயம் இது. நான் தூங்கும்போது, எனக்குத் தெரியாமல், எந்த மேஸ்திரியும் சத்தம் போடாமல், என் தொடைக்குள்ளே கோடிக்கணக்கான கொத்தனார்கள் தண்ணீர் சுமந்து போய்ச் சுவர் பூசிக்கொண்டிருக்கிறார்கள். நான் அவர்களைத் திருடர் என்று நினைத்துப் பட்டினி போட்டிருக்கிறேன். மனதுக்குள் அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தப் பூரிப்பில்தான் கேட்டேன்: "அப்ப எங்கக்காளுக்கு ஏறின மூணு கிலோவும் இப்பிடித்தானுங்களா?"

சங்கமித்திரை தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"அதுவும் தண்ணிதான் சார். ஆனா அது வேற. ஈரல் வேலை செய்யாததால வயித்துல தேங்கறது."

டாக்டர் மூன்றாம் தேதி சொன்ன கடைசி வாக்கியம் கேட்கவில்லை என்று இதில் எழுதியது பொய்; ஏசி சத்தத்திலும் எனக்குக் கேட்டிருந்தது. ஆறேழு வாரத்துக்கு மேல் அக்காவின் உடம்பு தாங்காது என்பதே அது. நான் கை தட்டியது நினைவுக்கு வந்தது.

எடை ஒன்றுதான். ஏறின ஈரமும் ஒன்றுதான். என்னை அது கட்டுகிறது. அவளை இடிக்கிறது.

ஜூன் 19, வியாழன்

நடந்தேன். கல் தூக்கினேன். கலாமணி போட்டதைச் சாப்பிட்டேன். மெஷின்மேல் ஏறவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

கலாமணியும் நடக்கிறாள். என் நடை பார்க்கச் சகிக்கவில்லையாம், கூடவே வந்து திருத்தப் போகிறாளாம். பேசாமல்தான் நடக்கிறாள். இரண்டாவது சுற்றில் மட்டும், "அங்க உள்ள கொண்டுபோறப்ப மோதிரமெல்லாம் கழட்டச் சொல்வாங்களா?" என்று கேட்டாள். சொல்வார்கள் என்றேன். "எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. மௌனிகாகிட்டக் குடுத்துராதீங்க" என்றாள். மூன்றாவது சுற்று முழுக்க மோதிரத்தைத் திருகிக்கொண்டே நடந்தேன். விரலில் அரிப்பு.

ஜூன் 28, சனி

தொண்ணூற்று நான்கு. இரண்டு வாரம் ஏறி உட்கார்ந்திருந்த தண்ணீர், வந்த வேலை முடிந்ததென்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. அதன் பின்னாலேயே கொழுப்பும் பெட்டி கட்டுகிறது.

மேடையில் ஏறினேன். சிவப்பு விளக்கு ஒரு கணம் யோசித்துவிட்டு, தொண்ணூறு என்றது. மூன்றாம் தேதி நூறு. ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைந்த வீரன் என்று வந்த டிரைவர்களிடமெல்லாம் சொன்னேன். மேடை பொய் சொல்லாது.

ஜூலை 7, திங்கள்

அக்காவுக்கு வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். ஐந்து லிட்டர். படுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "ஒரே பொழுதுல அஞ்சு கிலோ. உன்னால முடியுமா?" என்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஈரம் கழித்த பிறகு, அக்கா என்று மிச்சம் இருந்தது மிகக் கொஞ்சம்தான்.

"போட்டியில நீயே ஜெயிச்சுட்டக்கா" என்றேன்.

என் கையைப் பிடித்தாள். புஜத்தை விரலால் அமுக்கிப் பார்த்தாள். அமுங்கவில்லை, கல்.

"நெசமாலுமே தூக்கறயாடா?"

"தெனமும். ரெண்டு கல்லு."

ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, "சரி, குடு" என்றாள். அவ்வளவுதான். கடை வீதியில் கூடையை மாற்றிப் பிடிக்கக் கேட்பதுபோல.

ஜூலை 15, செவ்வாய்

ஸ்கேன். எண்பத்தெட்டு கிலோவோடு படுத்தேன். ஜெல்லைத் தடவி உருட்டிக்கொண்டே டாக்டர் திரையைப் பார்த்தார். லாரி மேடையில் ஏறியதும் எண்கள் தடுமாறி ஓடி நிற்குமே, அந்த இடைவெளியில் டிரைவர்கள் ஏன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று இருபது வருஷம் கழித்து எனக்குப் புரிந்தது.

பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். "பாருங்க, முன்னாடி வெள்ளையா பளபளன்னு இருந்துச்சு. இப்ப பாருங்க."

மேகம் விலகின ஏரி மாதிரி இருந்தது. அமைதியாக, கருஞ்சாம்பல் நிறத்தில், ஓரத்தில் ஓடைகள் கிளை பிரிய, மூச்சுக்குத் தக்கபடி மெல்ல ஏறி இறங்கியது. ஒரு வேலைக்கும் சம்பளம் கேட்காமல், நான் செய்த அத்தனை அட்டூழியத்தையும் ஆறே வாரத்தில் மன்னித்துவிட்டு, கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கிறது.

வாழ்க்கையில் முதல் தடவையாக மிகைப்படுத்த ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கோயம்புத்தூருக்குக் காரில் புறப்பட்டோம். எடைமேடை அருகே வந்ததும் அக்கா காரை நிறுத்தச் சொன்னாள்.

"இத்தன வருஷமா ஊரையே நிறுத்தறயே, என்னை ஒருநாளாவது நிறுத்தினயா?"

கைத்தாங்கலாக இறக்கி மேடையின் நடுவே கூட்டிப் போனேன். அவளால் தனியே நிற்க முடியவில்லை. நானும் சேர்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மௌனிகா அலுவலகத்துக்குள் ஓடி விளக்கைப் பார்த்துக் கத்தினாள்: "நூத்தி நாப்பது!"

"இதுல நான் எவ்வளவு, நீ எவ்வளவு?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் மேடைக்குத் தெரியாதுக்கா. மேல நிக்கறது ஒரு வண்டின்னுதான் நெனைக்கும்."

"நாளன்னிக்கு உன்னுதை எடுத்து எனக்கு வெச்ச பொறகு?"

"அப்பவும் நூத்தி நாப்பதுதான். வண்டிக்குள்ள மூட்டையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகத்தினா எடை மாறுமா?"

அக்கா விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்றில் அவள் புடவை என் காலில் அடித்தது. பின்னால் ஒரு முட்டை லாரி வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, இன்ஜினை நிறுத்திவிட்டார்.

ஜூலை 21, திங்கள்

மோதிரத்தைக் கலாமணியிடம் கொடுத்தேன்.

ஜூலை 26, சனி

எழுத்து கோணலாக இருந்தால் வருங்காலத்தார் பொறுத்துக்கொள்ளவும். வயிற்றில் பெரிய தையல். ரயில் போகலாம்.

காலையில் நர்ஸ் தாங்கிப் பிடித்து எடை பார்த்தார். தொண்ணூறு. முக்கால் கிலோ ஈரலை வெட்டிக் கொடுத்துவிட்டு இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் வலி வந்தது. வலித்தால் இன்னும் சிரிப்பு வந்தது.

"ஏத்தின குளுக்கோஸ் தண்ணிதான் சார், ரெண்டு நாள்ல இறங்கிரும். பயப்படாதீங்க" என்றார்.

"ஈரம் தானுங்களே" என்றேன். "கழிச்சுக்கலாம்."

டாக்டர் வந்து, மிச்சமிருக்கும் என் ஈரல் இந்நேரம் வளரத் தொடங்கியிருக்கும் என்றார். அந்தப் பக்கத்து அறையில் அக்காவுக்கும் அப்படியே. வயிற்றின்மேல் கை வைத்துப் படுத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய காரியம் இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கிறது. நான் பத்துப் பஸ்கிக்கு ஊரைக் கூட்டியவன்.

மத்தியானம் மௌனிகா வந்தாள். இதுவரை கண்ணாடிக் கதவு வழியாக மட்டும் அக்காவைப் பார்க்கவிட்டவர்கள், இன்று முதல் தடவையாக உள்ளே போய்ப் பேசவிட்டார்களாம். கண்ணின் மஞ்சள் குறைந்திருக்கிறதாம். சொல்லும்போதே அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். கலாமணி அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மோதிரம் கலாமணியின் கட்டைவிரலில் தளர்ந்து கிடந்தது.

"எதாச்சும் பேசினாளா கண்ணு?"

"ஒண்ணே ஒண்ணுதான் மாமா."

"என்ன?"

மௌனிகா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போண்டா கெடைக்குமான்னு கேட்டாங்க."

சரக்கு பத்திரமாக இறங்கிவிட்டது.